கிறிஸ்துமஸுக்கு 13 பேருக்கு கையால பின்னிக் குடுக்கணும், 100 நாள்ல முடியுமா?

குன்னூர்மருமக:
எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கறது கோயம்புத்தூர், மாமியார் வீடு குன்னூர். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு கடைல எதுவும் வாங்காம நானே உல்லன்ல பின்னிக் குடுக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. பெரியம்மாகிட்ட சின்ன வயசுலயே கத்துக்கிட்டேன், குல்லா மஃப்ளர் நல்லா வரும், ஸ்வெட்டர் இதுவரைக்கும் ரெண்டுதான் போட்டிருக்கேன். மாமனார் மாமியாருக்கு ஸ்வெட்டர், வீட்டுக்காரர் கொழுந்தனார் ஓரகத்திக்கு மஃப்ளர், அவங்க பசங்க ரெண்டு பேருக்கு குல்லா, தூத்துக்குடில அம்மாவுக்கு சால்வை, டொரொண்டோல தம்பிக்கும் அவன் பொண்டாட்டிக்கும் குல்லா, ஜனவரில அவங்களுக்கு குழந்தை பொறக்குது அதுக்கு ஒரு செட், அப்புறம் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர். இன்னிக்கு செப்டம்பர் 16, பையன் தூங்கினப்புறம் தினம் ஒரு மணி நேரம் உக்காருவேன்.

போன வருஷம் மாமனார் ஸ்வெட்டர நவம்பர்லதான் ஆரம்பிச்சேன், பாதில நூல் தீந்துடுச்சு, அதே கலர்னு நெனச்சு வாங்கிப் போட்டா வெயில்ல பாக்கும்போது நெஞ்சுக்கு நடுவுல ஒரு பட்டை தனியா தெரியுது. அவர் ஒண்ணும் சொல்லல, அதத்தான் போட்டுட்டு காலைல பால் வாங்கப் போறார், எனக்குத்தான் பாக்கும்போதெல்லாம் மனசு உறுத்துது. இந்த தடவை அப்படி ஆகக்கூடாது. எப்படி பிளான் பண்றதுன்னு சொல்லுங்க.

ஊட்டிக்குளிர்:
மொதல்ல கண்ணிய, அதாவது ஊசில விழற வளையத்த, எண்ணிப் பாருங்கம்மா, மத்ததெல்லாம் அப்புறம். சாதாரண டிகே நூல் (நடுத்தர தடிமன்), 4 மில்லிமீட்டர் ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி 30 வரின்னு வச்சுக்கோங்க. ஒரு மஃப்ளர் 20 செ.மீ. அகலம் ஒண்ணரை மீட்டர் நீளம்னா 44 கண்ணி, 450 வரி, ஆக மொத்தம் 19,800 கண்ணி. நிமிஷத்துக்கு 22 கண்ணி போட்டீங்கன்னா 15 மணி நேரம் ஆகும், நீங்க கடிகாரம் வச்சு ஒரு அஞ்சு நிமிஷம் போட்டுப் பாத்து உங்க வேகத்த தெரிஞ்சுக்கோங்க. 100 செ.மீ. மார்பளவு முழுக்கை ஸ்வெட்டர் கிட்டத்தட்ட 58,000 கண்ணி வரும், அதாவது 44 மணி நேரம். ரெண்டு ஸ்வெட்டரும் மூணு மஃப்ளரும் போட்டாலே 133 மணி நேரம், உங்ககிட்ட இருக்கறதே 100.

நான்னா இப்படிப் பண்ணுவேன். மாமனாருக்கு கையில்லாத ஸ்லிப்ஓவர், 28 மணி நேரத்துல முடிஞ்சிடும், குன்னூர் காலைக் குளிருக்கு சட்டைக்கு மேல அதுதான் வசதி. மாமியாருக்கு காதோட சேத்து கட்டிக்கற மாதிரி ஸ்கார்ஃப், 12. மஃப்ளர் வீட்டுக்காரருக்கு மட்டும், 15. கொழுந்தனார் ஓரகத்திக்கும் குல்லாவே போதும், பெரியவங்க குல்லா ஒண்ணு அஞ்சரை மணி நேரம், நாலுக்கு 22, பசங்களோடது ரெண்டும் 8, குழந்தைக்கு 4. கூட்டினா 89 ஆச்சு. மிச்சத்துல அம்மாவுக்கு சின்னதா ஏதாவது. ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸுக்கு கேக் குடுங்க, தப்பா நெனக்க மாட்டாங்க. ஸ்லிப்ஓவர மொதல்ல முடிச்சிடுங்க, டிசம்பர் ராத்திரில அவ்ளோ பெருச மடில வச்சிட்டு போராடக்கூடாது.

நூல மட்டும் மொத்தமா வாங்கிடுங்க. கண்டோட லேபிள்ல லாட் நம்பர், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டதுங்கற நம்பர், இருக்கும், ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து எல்லாத்துலயும் அதே நம்பர் இருந்தாத்தான் வாங்கணும், கடைக்காரர் ஒரே கலர்தான்னு சொன்னா நம்பிடாதீங்க. ஒரு கண்டு கூடவே வாங்குங்க, மிஞ்சினா பசங்க குல்லாவுக்கு ஆச்சு.

ஸ்காபரோஅக்கா:
தங்கச்சி, நான் இஞ்ச டொரொண்டோவில இருக்கிறன், அதால தம்பி வீட்டுச் சாமானைப் பற்றி மட்டும் சொல்லுறன். இஞ்ச எல்லாரும் உடுப்பை மெஷின்ல போட்டு ட்ரையர்லயும் போடுறவை. சுத்தமான கம்பளி எண்டா சுருங்கித் தடிச்சு பொம்மைக்குக்கூடக் காணாது. என்ர மகன்ர மிட்டன் (விரல் பிரியாத கையுறை) அப்பிடித்தான் போனது. சூப்பர்வாஷ் (மெஷின்ல கழுவினாலும் சுருங்காதது) எண்டு போட்டிருக்கிற கம்பளி இல்லாட்டி நல்ல மெதுவான அக்ரிலிக் (செயற்கை நூல்) எடுங்கோ, நூலின்ர லேபிளை வெட்டிப் பார்சலுக்குள்ள வையுங்கோ, எப்பிடிக் கழுவுறது எண்டு அவைக்குத் தெரியவேணும். பிள்ளைக்குப் பட்டன், பொம்பொம், கட்டுற கயிறு ஒண்டும் வேண்டாம், ஓட்டை ஓட்டையான டிசைனும் வேண்டாம், சின்ன விரல் மாட்டுப்படும். பெருவிரல் இல்லாத மிட்டனும் தொப்பியும் போதும். நித்திரையில தொப்பி போட விடாதேங்கோ எண்டும் எழுதி விடுங்கோ, வெளியில கொண்டுபோகேக்க மட்டும்தான். பார்சலை நவம்பர் தொடக்கத்திலயே அனுப்பிப் போடுங்கோ, கிறிஸ்மஸ் கிட்ட வந்தால் எல்லாம் பிந்தும்.

திருப்பூர்நூல்:
தூத்துக்குடில சால்வை எதுக்குங்க, அம்மா அத பீரோல மடிச்சு வச்சிருவாங்க. காட்டன் நூல்ல அடுப்புல இருந்து பாத்திரம் எறக்க கரித்துணி நாலு பின்னுங்க, தினமும் கையில இருக்கும். 20 செ.மீ. சதுரம், முன்னாடியும் பின்னாடியும் நேர்க்கண்ணியே (சாதாரணப் பின்னல்) போட்டா தடிமனா வரும், ரெண்ட ஒண்ணா சேத்துத் தைச்சா சூடு ஏறாது. ஆனா கண்டிப்பா காட்டன்தான், அக்ரிலிக் சூட்டுல உருகி கைல ஒட்டிக்கும். அதே காரணத்துக்கு அக்ரிலிக் குல்லாவ அயர்ன் பண்ணிராதீங்க, ரிப், அதான் இழுத்தா விரியற அந்தப் பின்னல், செத்துப்போயி தொளதொளன்னு ஆயிரும், அப்புறம் திரும்பி வராது.

இன்னொண்ணு, நெட்ல எடுத்த அமெரிக்க பேட்டர்ன்னா ஊசி நம்பர கவனிங்க. அவங்க 8ன்னா 5 மில்லிமீட்டர், நம்ம கடைல கேக்கற பழைய 8ம் நம்பர் 4 மில்லிமீட்டர். நம்மூர்ல நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், அங்க அப்படியே தலைகீழு. இது தெரியாம எங்கக்கா வீட்டுக்காரருக்கு ஒரு குல்லா போட்டேன், கடைசில அது அவங்க அஞ்சு வயசுப் பையனுக்குத்தான் சரியா இருந்துச்சு. மில்லிமீட்டர் சொல்லி வாங்குங்க.

குன்னூர்மருமக:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. வேகம் பாத்தேன், நிமிஷத்துக்கு 24 வருது. அம்மாகிட்ட நைசா போன்ல கேட்டேன், இப்பவும் அப்பாவோட பழைய வேட்டியக் கிழிச்சுதான் பாத்திரம் எறக்கறாங்களாம், அதனால கரித்துணி முடிவாயிடுச்சு, வெள்ளையும் நீலமும். ஆபீஸுக்கு கேக். அக்கா, தம்பி பொண்டாட்டிகிட்ட தலையோட சுத்தளவு கேட்டேன், 56 செ.மீ., குல்லா இழுத்துப் பிடிக்கணும்னு 51 செ.மீ.க்கு கணக்கு போட்டா 112 கண்ணி வருது, ரெண்டு நேர்க்கண்ணி ரெண்டு மறுகண்ணின்னு வர்ற ரிப்புக்கு நாலால மிச்சமில்லாம வகுபடுது. சனிக்கிழமை மாமனார் ஸ்லிப்ஓவருக்கு நூல் வாங்கப் போறேன், அவருக்குப் புடிச்ச அதே பாக்கு கலர், லாட் நம்பர நானே பாத்துதான் எடுக்கப்போறேன்.