அமெரிக்காவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: குழந்தை டாக்டர் நீட்டுற அந்தக் கேள்வித்தாள்

"செக்கப்புக்குப் போனா ஒரு ஃபார்ம் கொடுக்கிறாங்க, என் பொண்ணுக்கு ஏதோ குறைன்னு சந்தேகப்படுறாங்களா?"ன்னு இங்க அடிக்கடி கேக்கறாங்க. இல்லைங்க, எல்லாக் குழந்தைக்கும் உண்டு. 9, 18, 30 மாசத்துல வளர்ச்சி, 18, 24 மாசத்துல ஆட்டிசம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியே கணக்கு வெச்சிருக்கு.

நான் அடிச்ச கூத்தைக் கேளுங்க. என் பையனுக்கு எம்-சாட்னு ஆட்டிசம் பத்தின ஒரு ஃபார்ம், 20 கேள்வி, ஆமா இல்லைன்னு பதில். பரீட்சைன்னு நெனச்சு கடகடன்னு எல்லாத்துக்கும் 'ஆமா' போட்டேன். அதுல மூணு கேள்வி தலைகீழ். காது கேக்கலையோன்னு எப்பவாவது சந்தேகப்பட்டீங்களா, கண்ணுக்குப் பக்கத்துல விரலை விநோதமா ஆட்டுவானா, சாதாரணச் சத்தத்துக்கே மிரளுவானா. இதுக்கு 'ஆமா' சொன்னா ஒவ்வொரு மார்க் ஏறும். மொத்தம் 3. மார்க் ஏற ஏற ஆட்டிசம் சந்தேகமும் ஏறும்; 3லேருந்து 7 வரைக்கும் நடுத்தரம், மறுபடி விசாரிப்பாங்க.

நர்ஸ் உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டாங்க. "விரலை நீட்டிக் காட்டுவானா?" காட்டுவானேன்னேன். "வேணும்னு கேக்கறதுக்கா, 'அங்க பாரு'ன்னு உங்களுக்குக் காட்டறதுக்கா?" யோசிச்சுப் பாத்தா ரெண்டும் இல்லை. என் கையைப் பிடிச்சு ஃப்ரிட்ஜ் பக்கம் இழுப்பான், அவ்வளவுதான். மாமியாரோ ஃபோன்ல "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்"னு சொல்லிட்டே இருந்தாங்க. நானும் அதையே பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

உங்களுக்கும் இப்படிச் சந்தேகம் வந்து, குழந்தை மூணு வயசுக்குள்ள இருந்தா, சின்னக் குழந்தைங்களுக்கு மாநிலம் நடத்துற 'ஏர்லி இன்டர்வென்ஷன்'னு ஒரு உதவித் திட்டம் இருக்கு. டாக்டர் எழுதணும்னு இல்லை, நீங்களே கூப்பிடலாம். கூப்பிட்ட நாள்லேருந்து 45 நாளுக்குள்ள குழந்தையைப் பாத்து, தகுதி இருந்தா திட்டமும் போடணும். பாக்கறதுக்குக் காசு கிடையாது; அப்புறம் தர்ற தெரபிக்குச் சில மாநிலத்துல வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் உண்டு. மூணு தாண்டிட்டா உங்க ஏரியா அரசுப் பள்ளிகளை நடத்துற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். பையன் இன்னும் பள்ளிக்கூடமே போகலைன்னாலும் "மதிப்பீடு பண்ணுங்க"ன்னு தேதி போட்டு எழுத்துல கொடுங்க. வாய்ல சொன்னது கிணத்துல போட்ட கல்லு. எச்-4ல (எச்-1பி வேலை விசாக்காரரோட குடும்பத்துக்குத் தர்ற விசா) இருக்கோமேன்னு தயங்க வேண்டாம்.

மூணு நாலு வயசுல வர்ற ஃபார்ம் வேற மாதிரி. அழுதா எவ்வளவு நேரம், தூக்கம், சாப்பாடு, மத்த குழந்தைங்களை அடிக்கிறது, கடிக்கிறதுன்னு போகும். ஃபார்ம் மேல 'ஏஎஸ்க்யூ எஸ்இ'ன்னு இருந்தா அது குழந்தையோட உணர்ச்சி, பழகற விதம் பத்தினது; அதுல மார்க் ஏற ஏறத்தான் கவலை. எஸ்இ இல்லாம வெறும் 'ஏஎஸ்க்யூ'ன்னு வர்ற வளர்ச்சி ஃபார்ம்ல குறையக் குறையக் கவலை! யார் யோசிச்சாங்களோ. நம்ம வீட்ல இன்னொரு சிக்கல், நாலு வயசு வரைக்கும் ஊட்டி விடுவோம். "தானா ஸ்பூன்ல சாப்பிடுவானா"ன்னா என்னத்தை எழுத? ஒரு வாரம் தட்டை அவன் முன்னாடி வெச்சுப் பாத்துட்டு எழுதுங்க. தரை நாசமாகும், ஆகட்டும்.

வீட்ல தமிழ் பேசறதாலதான் பேச்சு வரலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால பேச்சுக் குறைபாடு வராது. தமிழை நிறுத்திட்டா பாட்டியோட பேச்சுதான் நின்னு போகும். மதிப்பீட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்க. முடியவே முடியாதுன்னா ஒழிய, குழந்தைக்கு வர்ற மொழியிலதான் சோதிக்கணும்னு சட்டமே இருக்கு. தமிழ்ல தெரிஞ்ச வார்த்தையும் கணக்குல வரணும்.

அப்புறம், வீட்ல ரகளை பண்றப்போ ரெண்டு நிமிஷம் ஃபோன்ல எடுத்து வெச்சுக்கோங்க. டாக்டர் ரூம்ல எல்லாக் குழந்தையும் சாமி சிலை மாதிரி அமைதியா உக்காந்திருக்கும்.