திருநீறு இல்லாத நெற்றியோடு வீடு திரும்பிய நாள்

2015ஆம் ஆண்டு டிசம்பரில், பர்மாவின் இரங்கூனில் ஸ்வேடகோன் பகோடாவுக்கு அருகிலுள்ள தம்ம ஜோதி மையத்தில், பௌத்த வழியில் வந்த விபாசனா தியானப் பயிற்சியைப் பத்து நாள் முடித்துவிட்டு, சிரியம் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்லும் தன்லினில் இருக்கும் வீட்டுக்கு நான் திரும்பியபோது, என் மாமியார் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் நெற்றியைப் பார்த்தார். "சாமியையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனவர், அதன் பிறகு நான்கு நாட்கள் என்னோடு நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியவற்றை என் மகளிடம் சொல்லி அனுப்பினார்.

என் அம்மா இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. அற்பக் காரணத்துக்கெல்லாம் பிள்ளைகள் மேல் கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வளர்ந்திருந்தது. ஒருநாள் மகள் நான் கையைத் தூக்குவதற்கு முன்பே தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என்னோடு வேலை பார்த்த ஒரு பர்மியப் பெண் சொன்ன அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். கட்டணம் கிடையாது, பயிற்சியை முடித்தவர்கள் விரும்பிக் கொடுக்கும் தானத்தில்தான் அடுத்து வருகிறவர்களுக்குச் சோறு. காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள், இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பார்கள், இடையில் ஏறத்தாழ பத்து மணி நேரம் உட்கார வேண்டும். முதல் மூன்று நாட்கள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். யாரோடும் பேசக்கூடாது. பூசை, செபமாலை, மந்திரம், விரதம் ஆகியவற்றை அந்தப் பத்து நாட்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் விதி. அந்த விதியை மதித்துத்தான் என் திருநீற்றுப் பையை வீட்டிலேயே விட்டுப் போனேன். இதைப் போவதற்கு முன்பே அத்தையிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விடமாட்டார் என்று மறைத்துவிட்டேன்.

அந்தப் பயிற்சியை உலகமெங்கும் கொண்டுசென்ற கோயங்கா அவர்களே 1924இல் மாண்டலேயில் ஒரு மார்வாடி இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். 1955இல் பர்மிய விபாசனா ஆசிரியர் ஊ பா கின் அவர்களிடம் முதன்முதலில் போனபோது, இது நம்மைப் பௌத்தராக்கிவிடுமோ என்று அவரும் தயங்கியிருக்கிறார். என் கணவர் இதை அத்தையிடம் எடுத்துச் சொன்னார். "அவரு பணக்காரரு, அவரை யாரு கேக்கப் போறா? நம்மள ஊரே கேக்குமே" என்றார் அத்தை. அந்தப் பதிலில் இருந்த உண்மை அன்று எனக்குப் புரியவில்லை.

விடியற்காலையில் நான் உட்காரத் தொடங்கிய பிறகு வீட்டுக்குள் ஒரு போர் மூண்டது. எங்கள் வீட்டில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நான் கண்ணை மூடிய ஐந்தாவது நிமிடத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் எவர்சில்வர் குடம் தரையில் இறங்கும், பிறகு மூடி, பிறகு கரண்டி. ஒவ்வொரு ஓசைக்கும் இடையே அத்தை சற்று நிறுத்துவார். நான் எழுந்து வருகிறேனா என்று காது கொடுத்துக் கேட்கும் இடைவெளி அது. நானும் பிடிவாதமாக எழாமல் இருந்தேன். அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைத் தியானம் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அந்த மணி நேரம் முழுவதும் நான் அத்தையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது நாத்தனார் வீட்டில் நடந்தது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிப் பந்தி போட்டிருந்தார்கள். நான் அதற்குள் கறி சாப்பிடுவதை விட்டிருந்தேன். அண்ணி குனிந்து என் இலையில் கறியை வைக்க வந்தபோது, புறங்கையால் கரண்டியைத் தள்ளி, "வேண்டாம் அண்ணி" என்றேன். இரண்டு சொட்டுக் குழம்பு அவருடைய சேலையில் விழுந்தது. அவர் நிமிர்ந்து, பந்தி முழுவதும் கேட்கும்படி, "எங்க சாமி சோறு உனக்குத் தீட்டாப் போச்சா?" என்றார். பீலிக்கான் கோயிலில் விரதம் இருந்து தீ மிதித்தவர் அவர். பக்தியில் அவருக்கு நான் எந்த விதத்திலும் மேற்பட்டவள் இல்லை. என் வாய் "வேண்டாம்" என்றுதான் சொன்னது. ஆனால் என் புறங்கை அவருக்குச் சொன்னது வேறு. அந்தச் சேலைக் கறையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுபக்கத்திலிருந்து வந்த வலியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை பயிற்சிக்குப் போனபோது, மௌனம் முடிந்த பத்தாம் நாளில், ஒரு வயதான பர்மிய அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் நல்ல மதத்துக்கு வந்துவிட்டாய் என்று அன்போடுதான் சொன்னார். அத்தை கோபத்தோடு சொன்னதும் அவர் மகிழ்ச்சியோடு சொன்னதும் ஒன்றே என்று எண்ணியபோது, நான் எங்கே நிற்கிறேன் என்பது யாருக்குமே தெரியவில்லையே என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அந்த நாட்களில் நான் புத்தர் வாழ்க்கையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக்கொண்டிருந்தேன். தன் குலத்தவன் ஒருவன் புத்தரிடம் சேர்ந்து துறவியாகிவிட்டான் என்ற ஆத்திரத்தில் ஒரு பிராமணர் வந்து புத்தரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு நீர் படைக்கும் உணவை அவர் ஏற்கவில்லையென்றால் அது யாருக்கு உரியது என்று புத்தர் கேட்கிறார். எனக்குத்தான் என்கிறார் அவர். அதுபோல உமது ஏச்சை நான் ஏற்கவில்லை, அது உம்மிடமே இருக்கிறது என்று புத்தர் விடை சொல்கிறார். அத்தை பேசும்போதெல்லாம் நான் இதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, வாய் திறக்காமல், எல்லாவற்றையும் அவருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். புத்தருக்கு அது பொருந்தும்; அவரிடம் ஏற்க வேண்டிய குறை ஒன்றும் இருக்கவில்லை. என் கதை அப்படி இல்லை. அத்தை படைத்த அந்தப் படையலில் எனக்கென்று உரியதும் இருந்தது என்பதைக் காண எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதைக் காட்டியதும் அத்தைதான். ஒருநாள் இரவு மின்சாரம் நின்றுபோயிருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருவரும் புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே பேசத் தொடங்கினார். 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது அவருக்குப் பத்து வயது. அப்பாவின் துணிக்கடையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனதைத் தெருவில் நின்று பார்த்திருக்கிறார். சித்தப்பாக்கள் இருவரும் சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை. சற்றுப் பின்னர் தனியார் பள்ளிகளும் அரசின் வசமாயின. அவர் படித்த தமிழ் அதோடு நின்றது. "கடை போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, வெளியில கூப்பிடப் பர்மாப் பேரு வந்துச்சு. நம்ம சனம்னு காட்ட இந்த நெத்திதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் நீ துடைச்சுட்டு வந்து நின்னா, எனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். புளிக்கொட்டை ஒன்று அவர் விரலிடுக்கில் வெகுநேரம் சுழன்றுகொண்டே இருந்தது.

என்னிடம் பதில் இல்லை. போவதற்கு முன்பு சொல்லாமல் மறைத்தது தவறு என்று மட்டும் சொன்னேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் புளியைச் சட்டிக்குள் அள்ளிப் போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நான் காலையில் நெற்றிக்குத் திருநீறு இட்டுக்கொண்டே உட்காருகிறேன். வீட்டில் அதற்குத் தடை சொல்ல எந்த விதியும் இல்லை. கறி சாப்பிடுவதில்லை, ஆனால் அண்ணி வீட்டுக் கிடாவெட்டுக்கு முதல் ஆளாகப் போய் வெங்காயம் உரிக்கிறேன், பந்தி பரிமாறுகிறேன். அண்ணி என்னிடம் கரண்டியைக் கொடுக்கிறார், கண்ணைக் கொடுப்பதில்லை. தீபாவளிப் பலகாரத்தை வாசலிலேயே தந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். புடவையில் பட்ட கறைக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ போச்சு" என்றார், சொன்ன குரலில் அது போயிருக்கவில்லை.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடம் இப்போதும் இறங்குகிறது. அத்தைக்கு வயதாகிவிட்டதால் மெல்ல இறங்குகிறதா, வேண்டுமென்றே மெல்ல வைக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. போன மாதம் அடுத்த பயிற்சிக்குப் போவதைப் பற்றி, இந்த முறை எல்லோருக்கும் முன்னதாக அவரிடம்தான் சொன்னேன். நாட்காட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தவர், "வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்திட்டு, சனிக்கிழமை போ" என்றார்.