கோளைத் தாக்குற ஆயுதங்கள்: சுற்றுச்சூழல் சேதத்தை எப்படிக் கணக்குல கொண்டு வரது?

புளியரை:
விண்வெளி வியூக விளையாட்டு ஒண்ணு எழுதிட்டிருக்கோம். ஒரு டர்ன் ஒரு மாசம். சோதனைக் கோள்ல பாலக்காட்டுக் கணவாய்லேருந்து ஆரியங்காவு வரைக்கும் உள்ள மலைத்தொடர் மாதிரியே ஒரு நிலம் போட்டிருக்கோம்: மேற்கே நல்ல மழை, கிழக்கே மழைமறைவு. இப்போதைக்கு எந்த ஆயுதம் விழுந்தாலும் 'சேதம்' 10 ஏறும், டர்னுக்கு 1 இறங்கும். விண்வெளியிலேருந்து போடுற டங்ஸ்டன் கம்பி, அணுகுண்டு, தள்ளிவிட்ட விண்கல் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். இதை எப்படிப் பிரிக்கணும்? எது எவ்வளவு காலம் நிக்கும்?

வாளையார்:
விழுந்த இடத்துச் சேதத்தைத் தனியா வைங்க. கோள் முழுக்கப் பரவுறது வானத்துல போய்த் தங்குற பொருள்தான். அதுக்குத் தூசி, கந்தகம், கரித்துகள், கதிரியக்கம்னு நாலு இருப்பு வேணும்.

டங்ஸ்டன் கம்பிக்கு நாலுலயும் பூஜ்யம் போடுங்க. 6 மீட்டர் நீளம், 30 செ.மீ. குறுக்களவுன்னா எடை சுமார் 8 டன். நொடிக்கு 3 கி.மீ. வேகத்துல தரையைத் தொட்டா 9 டன் டிஎன்டிகூட ஆகாது. பதுங்குகுழி உடையும், வானிலை அசையாது.

விண்கல்லுக்கு எடை, வேகத்தோட விழற இடமும் முக்கியம். 2013-ல ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் ஊர் மேல வந்த சுமார் 20 மீட்டர் கல் 30 கி.மீ. உயரத்துலயே வெடிச்சுது, பெரும்பாலும் கண்ணாடி உடைஞ்சுதான் ஜனங்களுக்குக் காயம். 1908-ல சைபீரியாவுல துங்குஸ்கா மேல வெடிச்ச கல் 2000 சதுர கி.மீ.க்கு மேல காட்டைச் சாய்ச்சும் கோளோட தட்பவெப்பம் மாறலை. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி மெக்சிகோவோட சிக்சுலுப்ல விழுந்து டைனோசர்களை அழிச்ச கல் சுமார் 10 கி.மீ. அகலம், அதோட கந்தகம் நிறைஞ்ச ஜிப்சம் படுகை மேல விழுந்துச்சு. அதனால வரைபடத்துல ஒவ்வொரு கட்டத்துக்கும் பாறை வகை கட்டாயம் வேணும். உங்க மலை நம்ம மலை மாதிரி சார்னோக்கைட்டுன்னா (கிரானைட் மாதிரி கடினப் பாறை) தூசி ஏறும், கந்தகம் பெரிசா வராது.

கரித்துகள் குண்டுலேருந்து வரதில்லை, எரியுற ஊர்லேருந்து வருது. பாலைவனத்துல போட்டா பூஜ்யம். ஊர் எரிஞ்சாலும் எல்லாப் புகையும் மழைமேகத்துக்கு மேல இருக்கிற வளிமண்டல அடுக்குக்குப் போகாது. 1991-ல குவைத் எண்ணெய்க் கிணறுகள் மாசக்கணக்கா எரிஞ்சப்போ புகை பெரும்பாலும் 6 கி.மீ.க்குக் கீழேயே நின்னுது, உலகத் தட்பவெப்பத்துக்குப் பெரிசா ஒண்ணும் ஆகலை. தீயோட வலிமை ஒரு வரம்பைத் தாண்டினாதான் கரியை மேலே அனுப்புங்க. அங்கே போயிட்டா கழுவ மழை கிடையாது. கரி வெயில்ல சூடேறி இன்னும் மேலேதான் போகும்.

மாசத்துக்கு மிச்சம் நிக்கிற பங்கு: தூசி 0.5, கந்தகம் 0.92, கரி 0.983. கந்தகத்துக்கு அளவு வேணும்னா பிலிப்பைன்ஸோட பினாட்டுபோ எரிமலையை எடுத்துக்கோங்க: 1991-ல சுமார் 1.5–2 கோடி டன் கந்தக டைஆக்சைடு, அரை டிகிரி குளிர்ச்சி.

கரிக்கு நேர்விகிதம் வேண்டாம். காலநிலை மாதிரிகள்ல 50 லட்சம் டன் கரிக்கு சுமார் 1.25 டிகிரி குறையுது, 15 கோடி டன்னுக்கு 7–8 டிகிரி. 10 லட்சம் டன்னை ஒரு அலகுன்னு வச்சா 0.56 × √அலகு கிட்டத்தட்டப் பொருந்தும். இதுல வழக்கமா வர பிழை, தாக்குற கப்பல் ஒவ்வொண்ணும் கிளப்புற கரிக்குத் தனியா வர்க்கமூலம் எடுத்துக் கூட்டுறது. பத்துக் கப்பல், ஆளுக்கு 5 அலகுன்னா அப்போ 12.5 டிகிரி காட்டும். மொத்தம் 50 அலகுக்கு ஒரே தடவை எடுத்தா 4 டிகிரிதான். ஒரு அலகுக்குக் கீழே மட்டும் 0.56 × அலகுன்னு நேர்கோடு வைங்க, இல்லாட்டி ஒரு கிராமம் எரிஞ்சதுக்கே கோள் குளிரும்.

கம்பம்மெட்டு:
வாளையார் கணக்கு சரி. ஆனா டிகிரியோட நிறுத்திடாதீங்க, ஜனத்தைக் கொல்றது மழையும் விளைச்சலும்தான். தென்மேற்குப் பருவக்காத்து நிலம் கடலைவிடச் சூடாகறதை நம்பி வீசுது. வெயில் மறைஞ்சா நிலம் மாசக்கணக்குல குளிரும், கடலுக்கு வருஷக்கணக்கு ஆகும். ரெண்டுக்கும் தனி வெப்பநிலை வைங்க: மேலே உள்ள டிகிரிக் கணக்கு சொல்ற இலக்கு வெப்பநிலைக்கு இருக்கிற இடைவெளியில டர்னுக்கு நிலம் மூணுல ஒரு பங்கு, கடல் நாற்பதுல ஒரு பங்கு நகரட்டும். அந்த வித்தியாசம் சுருங்கச் சுருங்க மழையைக் குறைங்க. காலநிலை ஆய்வாளர் ஆலன் ரோபாக் குழு 2007-ல வெளியிட்ட கணிப்புல 15 கோடி டன் கரிக்கு உலக மழை 45% விழுது.

அடுத்தது மழைமறைவு. முல்லைப்பெரியாறு ஏற்பாட்டை அப்படியே வரைபடத்துல போடுங்க: நீர்ப்பிடிப்பு மேற்குக் கட்டம், வயல் கிழக்குக் கட்டம், நடுவுல மலையைக் குடைஞ்ச சுரங்கம். அணையில நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனா தமிழ்நாட்டுப் பக்கம் தண்ணி எடுக்க முடியாது. அதனால மழை 30% குறைஞ்சா வயலுக்கும் 30% குறையும்னு எழுதக்கூடாது; மட்டம் 104-ஐத் தொட்ட டர்ன்ல வரத்து பூஜ்யம். குண்டே விழாத கம்பம் பள்ளத்தாக்கு இப்படித்தான் காயும். கட்டங்களைத் தனித்தனியா கணக்கிட்டா இது வராது.

நெல்லுக்கு வருஷச் சராசரி உதவாது. தொண்டைக்கதிர் (கதிர் வெளிவராம தண்டுக்குள்ள இருக்கிற) சமயத்துல சில ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே மகரந்தம் மலடாகும். பயிர் பச்சையாத்தான் நிக்கும், கதிரை உருவிப் பார்த்தா பதர். பயிர் மாசத்துக்கு மட்டும் ராத்திரி வெப்பத்தைச் சோதிங்க.

களியக்காவிளை:
கதிரியக்கத்துக்கு ஒரே தேய்மான எண் போதாது. வெடிச்சு 1 மணி நேரத்துல கதிர்வீச்சு 1000 இருந்தா 7 மணி நேரத்துல 100, 49 மணி நேரத்துல 10, ரெண்டு வாரத்துல 1. உங்க டர்ன் ஒரு மாசம்கறதால சாவு முழுக்கக் குண்டு விழுந்த டர்ன்லயே முடியணும். அடுத்த டர்னுக்கு சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 மட்டும் போகட்டும்; அரை ஆயுள் சுமார் 30 வருஷம், மாசத்துக்கு 0.998. கோபால்ட் உறை போட்ட குண்டுக்கு 0.989.

வெடிக்கிற உயரத்தை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கணும். தீக்கோளம் தரையைத் தொட்டா கதிர்வீச்சுத் தூசி கொட்டும். உயரத்துல வெடிச்சா அது குறைவு, ஆனா தீ பரவி கரி அதிகம். முதல்ல சொன்னது அந்த ஊரைக் கெடுக்கும், ரெண்டாவது கோளையே கெடுக்கும். அரோரா 4எக்ஸ்ங்கிற விண்வெளி விளையாட்டு தூசியையும் கதிரியக்கத்தையும் தனித்தனி எண்ணா வைக்கிறது இதனாலதான் நல்லா ஓடுது.

கணினி எதிராளி இன்னிக்கு இருக்கிற நிலவரத்தைப் பார்த்துத் தாக்கக்கூடாது, 60 டர்னுக்கு அப்புறம் என்ன மிஞ்சும்னு பார்க்கணும். இல்லாட்டி தான் பிடிக்கப்போற கோளைத் தானே எரிக்கும்.

எழுதினதும் ஒரு சோதனை ஓட்டுங்க. 5 அலகு கரியை ஒரே டர்ன்ல ஏத்திட்டு 60 டர்ன் சும்மா விடுங்க. கரி சுமார் 1.8 அலகும் இலக்குக் குளிர்ச்சி 0.75 டிகிரியும் காட்டணும். கரி மூணுல ஒரு பங்குக்கு இறங்கியும் குளிர் பாதிக்கு மேல நிக்கும். ஆரம்பக் குளிர்ச்சியில பாதிகூட நிக்கலைன்னா வர்க்கமூலத்தை எங்கேயோ விட்டிருக்கீங்க.