சொந்த சர்வரில் வெப்மெயில்: ரவுண்ட்கியூப், ஸ்னாப்பிமெயில், சோகோ எது எங்கே உதைக்கிறது?

அஞ்சல்பெட்டி:

டெபியன் 12, 2 ஜிபி ராம், 40 மெயில்பெட்டிகள். மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுக்கும் டவ்காட்டும் ஏற்கெனவே ஓடுகின்றன. மேலே, பிரவுசரில் மெயில் படிக்க ஒரு வெப்மெயில் மட்டும் வேண்டும். ரவுண்ட்கியூப், ஸ்னாப்பிமெயில், சோகோ மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. அழகு ஒப்பீடு வேண்டாம், அது நெட்டில் கொட்டிக் கிடக்கிறது. போட்ட பிறகு எங்கே உதைக்கும் என்று கை வைத்தவர்கள் சொல்லுங்கள்.

கருப்புத்திரை:

முதலில் ஒரு கேள்வி சார். ஃபோனில் காலண்டரும் தொடர்புகளும் ஒத்திசைய வேண்டுமா? வேண்டாம் என்றால் சோகோவை இப்போதே எடுத்துவிடுங்கள். அது வெறும் வெப்மெயில் இல்லை, முழு குரூப்வேர் (மெயில், காலண்டர், தொடர்புகள் எல்லாம் சேர்ந்தது). ஆப்ஜெக்டிவ்-சியில் எழுதியது, மெம்கேஷ்டு என்ற தற்காலிக நினைவகச் சேவை வேண்டும், பயனர்களுக்கென்று டேட்டாபேஸில் தனி எஸ்க்யூஎல் வியூ (பார்வை அட்டவணை) கட்டவேண்டும். மெயில் படிக்க மட்டும் அதைப் போடுவது, டீ போட அண்டா ஏற்றுவது மாதிரி.

மற்ற இரண்டும் பிஎச்பி மொழியில் எழுதியவை. ரவுண்ட்கியூபுக்கு டேட்டாபேஸ் கட்டாயம். 40 பேருக்கு ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட்டே தாங்கும். ஸ்னாப்பிமெயிலுக்கு அதுவும் தேவையில்லை, தொடர்புகளைச் சேமிக்க மட்டும் விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். 2 ஜிபியில் இரண்டும் மூச்சுத்திணறும் என்ற பயம் வேண்டாம். ராமை விழுங்குவது வழக்கமாக வைரஸ் ஸ்கேனர்தான்.

நள்ளிரவு கிரான்:

ரவுண்ட்கியூப் என் தேர்வு. ஆனால் அதை நிறுவுவதைவிட அப்டேட் செய்வதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். 2025 ஜூனில் வெளியான சிவிஇ-2025-49113 (பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் பொது எண்) நினைவிருக்கும். உள்ளே நுழைந்த எந்தப் பயனரும் சர்வரில் தன் இஷ்டத்துக்கு கோட் ஓட்டலாம் என்ற ஓட்டை, 1.6.11, 1.5.10 பதிப்புகளில் அடைத்தார்கள். "உள்ளே நுழைந்தால்தானே" என்று அலட்சியமாக விடவேண்டாம். 40 பேரில் ஒருவருடைய பாஸ்வேர்ட் கசிந்தால் போதும். 2023-இல் வந்தது இதைவிட மோசம்: மெயிலைத் திறந்து பார்த்தாலே எஸ்விஜி படம் வழியாக ஸ்கிரிப்ட் ஓடியது. தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே கண்டுபிடித்தார்கள்; 1.6.4-இல் சரியானது.

டெபியன் பேக்கேஜில் போட்டால் பதிப்பு எண் 1.6.5 என்றே நிற்கும். ஓட்டையை அடைக்கும் மாற்றத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் இறக்குவார்கள். முன்னெண்ணைப் பார்த்துப் பதறவேண்டாம், பின்னால் ஒட்டிவரும் டெபியன் வால் எண்ணைப் பாருங்கள்.

நேரடியாக டவுன்லோட் செய்து போட்டவர்கள், புதியதைப் பழையதன் மேல் காப்பி செய்யாதீர்கள். நீக்கப்பட்ட பழைய கோப்புகள் அப்படியே தங்கிவிடும். டேட்டாபேஸையும் கான்ஃபிக் கோப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, புதியதைத் தனி ஃபோல்டரில் விரித்து, அதற்குள் bin என்ற ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டால்-டு ஸ்கிரிப்ட்டுக்குப் பழைய பாதையைக் கொடுங்கள். டேட்டாபேஸ் அட்டவணை மாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

1.5-இலிருந்து 1.6-க்கு வந்தபோது பலரும் விழுந்த குழி: டெஃபால்ட்-ஹோஸ்ட் என்ற அமைப்பு ஐமேப்-ஹோஸ்ட் (மெயில் படிக்கும் பக்கம்) ஆனது, எஸ்எம்டிபி-சர்வர் எஸ்எம்டிபி-ஹோஸ்ட் (அனுப்பும் பக்கம்) ஆனது. போர்ட் எண்ணுக்குத் தனி வரி கிடையாது, முகவரியோடு ஒட்டியே எழுதவேண்டும். இணைப்பை மறையாக்க எஸ்எஸ்எல் முன்னொட்டு என்றால் 993, டிஎல்எஸ் முன்னொட்டு என்றால் 143 அல்லது 587. இரண்டையும் மாற்றிப் போட்டால் லாகின் பக்கம் சுற்றிக்கொண்டே நின்று, கடைசியில் "சர்வரோடு இணைய முடியவில்லை" என்று வரும். டிஎல்எஸ் போட்டுவிட்டு முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் (இதே மெஷின்) என்று எழுதினாலும் இதே கதிதான், சான்றிதழில் அந்தப் பெயர் இருக்காது. அதே மெஷினில் டவ்காட் இருந்தால் டிஎல்எஸ் இல்லாமல் 143 போதும்.

இன்னும் மூன்று. டெஸ்-கீ என்ற ரகசியச் சாவி 24 எழுத்து, மாதிரிக் கோப்பில் இருப்பதை அப்படியே விடாதீர்கள். இன்ஸ்டாலர் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். டெபியன் பிஎச்பியில் செஷன் (லாகின் அமர்வு) குப்பை அள்ளும் வாய்ப்பு பூஜ்யமாக வைக்கப்பட்டிருக்கும். ரவுண்ட்கியூப் செஷனை டேட்டாபேஸில் வைப்பதால் அந்த அட்டவணை ஊதிக்கொண்டே போகும். ஜிசி, கிளீன்-டிபி என்ற இரண்டு ஸ்கிரிப்ட்களையும் தினமும் ஒருமுறை கிரானில் (நேரப்படி தானாக ஓட்டும் வசதி) ஓட்டுங்கள்.

பழைய மோடம்:

அட்டாச்மென்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் வரப்போகும் புகாரே அதுதான்.

பெரிய ஃபைல் போகாததற்கு நான்கு வாசல்கள் காரணம், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தடுக்கும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் இயல்பு அளவு 1 எம்பி. தாண்டினால் 413 பிழை. பிஎச்பியில் அப்லோட் 2 எம்பி, போஸ்ட் 8 எம்பி. ரவுண்ட்கியூபின் சொந்த வரம்பு 100 எம்பி, அதைத் தொடவேண்டாம். கடைசியில் போஸ்ட்ஃபிக்ஸ்: 1,02,40,000 பைட். பார்க்க 10 எம்பி மாதிரி இருந்தாலும் மெயிலில் அனுப்ப பேஸ்64 எழுத்துகளாக ஆக்கும்போது ஃபைல் சுமார் 37 சதவீதம் பெருகும். ஆக நிஜத்தில் ஏழு எம்பி ஃபைலைத் தாண்டினாலே திரும்பிவிடும்.

25 எம்பி அனுமதிக்க என்ஜின்எக்ஸிலும் பிஎச்பி போஸ்டிலும் 30, பிஎச்பி அப்லோடில் 26, போஸ்ட்ஃபிக்ஸில் 3,67,00,160. போஸ்ட்ஃபிக்ஸ் அளவை 5,12,00,000-க்கு மேல் ஏற்றினால் மெயில்பெட்டி வரம்பையும் சேர்த்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் லோக்கல் டெலிவரி முரண்டு பிடிக்கும்.

இதெல்லாம் மாற்றியும் 2 எம்பி என்றே காட்டுகிறதா? நீங்கள் திருத்தியது சிஎல்ஐ (கட்டளை வரி) ஃபோல்டரில் உள்ள பிஎச்பி-ஐஎன்ஐ. எஃப்பிஎம் (வெப்புக்காக பிஎச்பியை ஓட்டுவது) ஃபோல்டரில் உள்ளதைத் திருத்தி எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அஞ்சல்பெட்டி:

நன்றி. ஸ்னாப்பிமெயிலுக்கு வேலை குறைவு என்கிறார்களே, அதில் என்ன வில்லங்கம்?

கருப்புத்திரை:

வேலை குறைவுதான். ரெயின்லூப் என்ற பழைய வெப்மெயில் கைவிடப்பட்ட பிறகு அதிலிருந்து பிரிந்து வளர்ந்தது. இன்னும் ரெயின்லூப் ஓட்டுகிறவர்கள் இருந்தால் இன்றே மாறுங்கள். 2022 ஏப்ரலில் வெளிவந்த ஸ்கிரிப்ட் ஓட்டை இருக்கிறது.

ஸ்னாப்பிமெயிலின் ஒரே பெரிய ஆபத்து டேட்டா ஃபோல்டர். கான்ஃபிக், டொமைன் அமைப்பு, முதல் அட்மின் பாஸ்வேர்ட் எழுதிய டெக்ஸ்ட் கோப்பு எல்லாம் அதில்தான். அப்பாச்சி வெப் சர்வரில் ஹெச்டிஅக்சஸ் கோப்பு அதைக் காக்கும். என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது! பிரவுசரில் முகவரியோடு அந்த டெக்ஸ்ட் கோப்பின் பாதையைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். திறந்தால் ஊருக்கே திறந்திருக்கிறது என்று பொருள். என்ஜின்எக்ஸில் அந்தப் பாதைக்குத் தடை எழுதுங்கள். அதைவிட நல்லது, இன்க்ளூட் கோப்பில் டேட்டா பாதையை வெப் ரூட்டுக்கு (பிரவுசர் எட்டும் ஃபோல்டருக்கு) வெளியே மாற்றிவிடுவது.

லாகின் ஆகவில்லை என்றால் டொமைன் அமைப்பில் "ஷார்ட் லாகின்" டிக்கைப் பாருங்கள். அது போட்டிருந்தால் @-க்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டுத்தான் டவ்காட்டிடம் கொடுக்கும். உங்கள் பெட்டிகள் முழு முகவரியில் இருந்தால் எடுத்துவிடவேண்டும்.

நள்ளிரவு கிரான்:

எதைப் போட்டாலும், தப்பு லாகின்களைப் பார்த்து ஐபியைத் தடுக்கும் ஃபெயில்-டு-பேன் விஷயத்தில் கவனம். வெப்மெயில் தனி மெஷினில் இருந்தால், யார் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாலும் டவ்காட் லாகில் வெப்மெயில் சர்வரின் ஐபிதான் விழும். ஐந்து தப்பு சேர்ந்ததும் அந்த ஐபியே தடைப்படும். 40 பேரும் வெளியே. அந்த ஐபியை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு, வெப்மெயிலின் சொந்த லாகை வைத்துத் தடுக்கவேண்டும். ரவுண்ட்கியூபுக்கான ஃபில்டர் ஃபெயில்-டு-பேனோடே வருகிறது. முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸி (கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் சர்வர்) இருந்தால் ப்ராக்ஸி-ஒயிட்லிஸ்டில் அதன் ஐபியைச் சேர்த்தால்தான் உண்மையான ஐபி லாகில் வரும்.

பாஸ்வேர்ட் மாற்றும் பிளகின் போடுகிறீர்களா? "வெற்றி" என்று காட்டிவிட்டு அடுத்த லாகினில் உதைத்தால், ஹாஷுக்கு (மறையாக்கிச் சேமித்த பாஸ்வேர்டுக்கு) முன்னால் எந்த முறை என்று சொல்லும் நெளிவு அடைப்புக்குறி எழுதப்படவில்லை என்று கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் டவ்காட் தன் இயல்பு முறையை வைத்து ஒப்பிடும், பொருந்தாது.

தபால்வண்டி:

சோகோவை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். ஃபோன் ஒத்திசைவு வேண்டும் என்றால் மூன்றில் ஆக்டிவ்சிங்க் தருவது அதுதான். ஆனால் ஒத்திசையும் ஒவ்வொரு ஃபோனும் ஒரு வொர்க்கரை (கோரிக்கையைக் கவனிக்கும் சோகோ புராசஸ்) பிடித்துக்கொண்டு காத்திருக்கும். 30 ஃபோன், 10 வொர்க்கர் என்றால் வெப் பக்கம் உறையும், "சைல்ட் எதுவும் கிடைக்கவில்லை" என்று லாகில் வரிசையாக விழும். ஃபோன் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக வொர்க்கர் வையுங்கள். ஒரு வொர்க்கருக்கு நினைவக உச்சவரம்பு இயல்பில் 384 எம்பி. எல்லாம் ஒரே நேரத்தில் அதைத் தொடாது என்றாலும் 2 ஜிபியில் இந்தக் கணக்கு உதவாது.

டவ்காட் பக்கமும் ஒன்று: ஒரே பயனர், ஒரே ஐபி சேர்ந்து 10 இணைப்புதான் இயல்பு. சோகோ வழியே போகும் எல்லாமே ஒரே ஐபி. அதை 30 ஆக்குங்கள். சோகோவின் அதிகாரபூர்வ நிலையான பேக்கேஜுக்குச் சந்தா வேண்டும், தினசரி உருவாகும் நைட்லி மட்டும் இலவசம். டெபியன் களஞ்சியத்தில் இருப்பது தனி.

அஞ்சல்பெட்டி:

ஃபோன் ஒத்திசைவு தேவையில்லை, ரவுண்ட்கியூப் போடுகிறேன். கடைசியாக ஒன்று: தமிழ்ப் பெயருள்ள பிடிஎஃப் அனுப்பினால் சிலருக்குப் பெயர் குழம்பிப் போகிறது என்கிறார்களே?

பழைய மோடம்:

ரவுண்ட்கியூபில், அட்டாச்மென்ட் பெயரை எப்படி எழுதுவது என்று சொல்லும் மைம்-பாரம்-ஃபோல்டிங் என்று ஓர் அமைப்பு உண்டு. 0 வைத்தால் புதிய முறை மட்டும், 2 பழையது மட்டும், இயல்பான 1 இரண்டையும் கலந்து எழுதும். 1-ஐ வைத்தே தொடங்குங்கள். பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்கள் புகார் செய்தால் மட்டும் 2. தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்தால் டிஸ்கில் ஆம்பர்சேண்டில் (&) தொடங்கும் புரியாத எழுத்தாகத்தான் தெரியும். பேக்கப் எடுக்கும்போது அதைக் கண்டு "சரிசெய்து" பெயர் மாற்றிவிடாதீர்கள், பயனருக்கு அந்த ஃபோல்டர் காணாமல் போய்விடும்.