இச்சையடக்கம்: ஆண்கள் ஐக்கியத்தில் பாடம் எடுப்பது எப்படி?

பாளை_ஐக்கியம்:
அண்ணாச்சிமாருக்கு ஸ்தோத்திரம். லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் ‘தெளிந்த புத்தி’ பற்றி நாலு வாரம் வேதபாடம். குடிக்கிறவர்களும் வருவார்கள், தொட்டே பார்க்காதவர்களும் வருவார்கள். எதில் தொடங்கலாம்? இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கல்யாணத்தையும், ‘கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்’ என்று பவுல் எழுதிய 1 தீமோத்தேயு 5:23-ஐயும் யாராவது நீட்டினால் என்ன சொல்ல? கடைசி வாரம் ‘இன்றோடு விட்டேன்’ என்று பொருத்தனை (கடவுள் முன் வாக்கு) பண்ண வைக்கலாமா?

நாசரேத்_உபதேசியார்:
‘மதுபான வெறிகொள்ளாதிருங்கள்’ என்கிற எபேசியர் 5:18-இல் தொடங்காதீர்கள். குடிக்காதவர், பாடம் தனக்கில்லை என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். தீத்து 1:7-ஐ எடுங்கள். முற்கோபம், மதுபானப்பிரியம், அடிக்கிற கை, இழிவான ஆதாயம் எல்லாம் ஒரே வசனத்தில். வட்டிக்கு விடுகிறவர், பெண்டாட்டியை அடிக்கிறவர் யாரும் தப்ப முடியாது. தெளிந்த புத்தியும் இச்சையடக்கமும் அடுத்த வசனத்திலேயே வருகின்றன. இரண்டாம் அதிகாரம் அதையே பெரியவர்களுக்கும் வாலிபருக்கும் தனித்தனியாகச் சொல்கிறது.

கானாவூர் ரசம் வெறும் பழச்சாறு என்று மழுப்ப வேண்டாம். திருவிருந்துப் பந்தியிலேயே ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று 1 கொரிந்தியர் 11:21 கண்டிக்கிறது. சாறு குடித்து யாருக்கு வெறிக்கும்? வேதம் தடுப்பது குடிவெறியை என்பதை ஒத்துக்கொண்டு ரோமர் 14:21-க்குப் போங்கள்: சகோதரன் இடறுவான் என்றால் நீ விட்டுவிடு. தீமோத்தேயுவுக்குச் சொன்னது ‘கொஞ்சம்’, அதுவும் வயிற்றுக்காக. அதுவரை அவர் தண்ணீர் மாத்திரம் குடித்தவர் என்பதும் அதே வசனத்தில் தெரிகிறது.

உடன்குடி_பனைக்காரர்:
ஒரு வாரம் தானியேல் 1:8-க்குக் கொடுங்கள். ராஜாவின் போஜனத்தாலும் திராட்சரசத்தாலும் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று பந்திக்கு முன்பே இருதயத்தில் தீர்மானம் பண்ணிக்கொண்டவர் அவர். நம்ம பக்கம் விளக்கவே வேண்டாம்: பனம்பாளையில் கலயம் கட்டும்போதே உள்ளே சுண்ணாம்பு தடவினால்தான் காலையில் பதநீர். தடவாவிட்டால் விடிவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். புளித்தபின் எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் பதநீராகாது.

அதனால் ‘சோதனை வந்தால் ஜெபியுங்கள்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். சம்பளத்தன்று பணம் யார் கைக்குப் போகும், வேலை விட்டு எந்த வழியாக வீடு, கூட்டாளி போன் போட்டால் என்ன பதில், கல்யாண வீட்டில் யார் பக்கத்தில் உட்கார்வது: ஒவ்வொருவரும் எழுதி வைக்கட்டும். மாம்ச இச்சைக்கு இடம் வைக்காதே என்று ரோமர் 13:14 சொல்வதும் இதைத்தான்.

ஹைகிரவுண்ட்_செவிலியர்:
பொருத்தனை விஷயத்தில் தயவுசெய்து கவனம். தினமும் நிறையக் குடிக்கிறவர் கூட்டத்தில் கை உயர்த்திவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 2-3 நாளில் மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது. இதைப் பேய் என்று நினைத்து ஜெபத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உயிரே போய்விடும்.

முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை தந்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள், தயமின் (வைட்டமின் பி1) போடுவார்கள். தெம்புக்கென்று நீங்களாகக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். சாப்பாடில்லாமல் குடித்தவருக்குத் தயமின் இல்லாமல் ஏறும் குளுக்கோஸ் மூளையைக் கெடுக்கலாம்.

இன்னொன்று, குடியை விடுவதற்கான டைசல்பிராம் மாத்திரை எடுக்கிறவருக்கு நற்கருணையில் ஒரு மிடறு திராட்சரசமும் ஆகாது. முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரும். அப்பம் மட்டும் போதும் என்று சேகர குருவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.