அப்பாவின் பழைய கோப்பில் தமிழ் எழுத்தே வரவில்லை, யாராவது உதவுங்கள்

கேள்வி (குடியாத்தம்)
வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். தறிக்காரர் வீடுகளுக்குப் போய் பாவு, ஊடை, விழுது, அச்சு என்று அவர்கள் புழங்கும் சொற்களையும், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பாட்டிமார் பாடியதையும் நோட்டில் எழுதி, 2004 வாக்கில் ஒரு டிடிபி கடையில் அடித்து சிடியில் வாங்கி வைத்தார். 180 பக்கம். இப்போது வேர்டு கோப்பை போனில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று வரவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. கோப்பு கெட்டுவிட்டது, திரும்ப அடிக்கணும் என்கிறார்கள். நோட்டு கரையான் அரித்துப் போய்விட்டது, பாட்டு சொன்னவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. வழி உண்டா?

பதில் (ஆற்காடு)
கோப்பு கெடவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் சொன்ன ஐந்து எழுத்தே போதும், அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை, அதனால் கணினிக்கு உங்கள் அப்பா எழுதியது தமிழ் என்றே தெரியாது, எழுத்துரு இல்லாத போனில் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் 1991-லேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டார்கள், தமிழ்நாடு அரசு 2010-இல் ஆணை போட்டு ஏற்றது, ஆனால் டிடிபி கடைகள் பழையதிலேயே வெகுகாலம் ஓட்டின.

முதலில் சிடியை அப்படியே நகல் எடுத்து வையுங்கள். கணினியில் வேர்டில் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தால் எழுத்துருவின் பெயர் மேலே காட்டும், அது கணினியில் இல்லாவிட்டாலும் காட்டும். பாமினிதான் என்றால் என்ஹெச்எம் கன்வெர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ ஒட்டி யூனிகோடாக மாற்றுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். தமிழுக்கு இடமில்லாத பழைய குறியீடான ஆன்சி என்று விட்டால் எல்லா எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், அதன்பிறகு அந்தக் கோப்பிலிருந்து மீட்கவே முடியாது.

பதில் (வாணியம்பாடி)
எங்கள் வீட்டில் உருது. தாத்தா காலத்து மதரஸா மலர்கள் இன்பேஜ் என்ற உருது டிடிபி மென்பொருளின் பழைய கோப்பில் கிடக்கின்றன, அதுவும் இதே கதைதான், மாற்றியில் போட்டு எடுத்தால்தான் போனில் படிக்க முடிகிறது. இணையத்தில் எங்கள் மொழியில் ஒன்றுமே இல்லை என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும், எழுதியவர்கள் எழுதித்தான் வைத்தார்கள், தேடினால் கிடைக்காத இடத்தில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்
ஆற்காடு அண்ணா, வந்துவிட்டது! முதல் பக்கத்தை அப்பாவிடம் போனில் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். ஆனால் நடுநடுவே ஆங்கிலத்தில் அடித்திருந்த நூல் அளவுகள் அர்த்தமில்லாத தமிழாகிவிட்டன. கடைசி 30 பக்கம் கோப்பில் இல்லை, அச்சடித்த தாளாகத்தான் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது?

பதில் (ஆற்காடு)
அந்தக் கோப்பில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே குறியீடு, மாற்றிக்கு எது ஆங்கிலம் என்று தெரியாது. மூலக்கோப்பில் ஆங்கிலச் சொற்கள் வேறு எழுத்துருவில்தான் இருக்கும். வேர்டில் தேடும் பெட்டியில் எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேடி அவற்றைக் குறித்துக்கொண்டு, பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். தாளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள், எழுத்தை எடுத்துக் கொடுக்கும். ன, ண, ர, ற இடம் மாறியிருக்கும், அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து திருத்தட்டும். விழுது, ஊடை எல்லாம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேள்வி கேட்டவர்
ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறோம் அண்ணா. தறிச் சொற்கள் முதலில், பாட்டு அப்புறம் என்று அப்பா வரிசை சொல்லிவிட்டார்.