அட்டையைக் காட்டினோம், இப்போது காப்பீடே இல்லை என்கிறார்கள். கிளெய்ம் எப்படிப் போடுவது?

கரிசல்காட்டான் | அக்டோபர் 14, 2025, இரவு 11.42

அவசரம். மனைவிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. இன்று பில் வந்தது. 38,400 டாலர். அனுமதிக்கும்போது அட்டையை வாங்கி நகல் எடுத்துக்கொண்டவர்கள், இப்போது "உங்களுக்குக் காப்பீடு எதுவும் இல்லை" என்கிறார்கள். அட்டை கொடுத்த நிறுவனத்தை அழைத்தால் அரை மணி நேரம் பாட்டு ஓடுகிறது, பிறகு இணைப்பு துண்டிக்கப்படுகிறது. மாதம் 289 டாலர் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. கிளெய்ம் படிவம் எங்கே கிடைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

எந்த மாநிலம்? என்ன திட்டம்? வேலை வழியாகக் கிடைத்ததா, நீங்களே வாங்கியதா? இது எதையும் சொல்லாமல் படிவம் கேட்டால் நாங்கள் எங்கே போய்த் தேடுவது, நண்பரே? முதலில் மனைவி எப்படி இருக்கிறார்?

ரசீதுராஜா

கிரெடிட் கார்டில்தானே கட்டினீர்கள்? நாளைக் காலையே கார்டு நிறுவனத்தை அழைத்து, சொன்ன சேவையைத் தரவில்லை என்று மறுப்புத் தெரிவியுங்கள். எனக்கு இரண்டு முறை பணம் திரும்பி வந்திருக்கிறது.

நூல்கண்டு

இந்த அட்டையை எப்போது வாங்கினீர்கள், அதற்கு முன் என்ன காப்பீடு இருந்தது? வேலை மாறினீர்களா? இது முக்கியம், தயவுசெய்து சொல்லுங்கள்.

அனுபவஸ்தன்

வாரத்துக்கு ஒருவர் இப்படி வந்து நிற்கிறார். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் "இது காப்பீடு அல்ல" என்று இருக்கும். நீங்கள் வாங்கியது மருத்துவத் தள்ளுபடித் திட்டம். பட்டியலில் உள்ள மருத்துவரிடம் போனால் கட்டணத்தில் கொஞ்சம் குறைப்பார்கள், மீதியை நீங்களே கட்ட வேண்டும். நிறுவனம் ஒரு காசு கூடத் தராது. கிளெய்ம் என்ற பேச்சே கிடையாது. காய்கறிக்காரரிடம் நான்கு கத்திரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள், மாதம் 289 டாலர் கொடுக்கும் இடத்தில் ஒரு தாளைப் புரட்டுவதில்லை. என்ன சொல்ல?

கரிசல்காட்டான் | அக்டோபர் 15, காலை 6.20

மன்னிக்கவும், நேற்று பதற்றத்தில் எழுதினேன். டெக்சாஸ். நானே போனில் வாங்கியது. மனைவி தேறி வருகிறார்.

அனுபவஸ்தன் ஐயா சொன்னது சரி. முன்பக்கத்தில், காப்பீட்டு வகை ஒன்றின் பெயரான பி.பி.ஓ. என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் தொலைபேசி எண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி. மகன் பள்ளித் திட்டத்துக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத்தான் படித்தேன்: "இது காப்பீடு அல்ல. சேவைக்கான முழுத் தொகையையும் உறுப்பினரே செலுத்த வேண்டும்."

ஆனால் விற்றவர் ஒருமுறை கூடத் தள்ளுபடி என்ற சொல்லைச் சொல்லவில்லை. "பி.பி.ஓ. திட்டம், எந்த மருத்துவமனைக்கும் போகலாம், இந்தச் சலுகை இன்று மட்டும்தான்" என்றார். ஆவணத்தை முதலில் அனுப்புங்கள் என்றேன், பணம் கட்டிய பிறகுதான் வரும் என்றார். கடைசியில் ஒரு பெண் குரல் வந்து வேகமாக எதையோ வாசித்தது. அதற்கு முன்பே இவர், "இனி பதிவாகும், எல்லாவற்றுக்கும் ஆம் என்று மட்டும் சொல்லுங்கள், வெறும் சடங்கு" என்று சொல்லிவைத்திருந்தார். நானும் ஆம், ஆம் என்று சொல்லிவிட்டேன்.

பணம் கிரெடிட் கார்டில் அல்ல, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகிறது.

வைகைக்கரை

அந்த "ஆம், ஆம்" இவர்கள் எல்லோரும் கையாளும் உத்திதான். புளோரிடாவில் சிம்பிள் ஹெல்த் என்ற நிறுவனத்தின் மீது, நுகர்வோரைக் காக்கும் கூட்டாட்சி அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018-இல் வழக்குப் போட்டது. முழுக் காப்பீடு என்று சொல்லி, தள்ளுபடி அட்டைகளையும் பெயரளவுக்குச் சிறுதொகை தரும் திட்டங்களையும் விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2024 பிப்ரவரியில் 195 மில்லியன் டாலர் செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே நீங்கள் மட்டும் ஏமாந்தவர் அல்ல. கமிஷனிலும் டெக்சாஸ் காப்பீட்டுத் துறையிலும் புகார் கொடுங்கள். தள்ளுபடித் திட்டங்களும் அந்தத் துறையின் கண்காணிப்பில்தான் வருகின்றன. அழைப்பின் முழுப் பதிவையும் எழுத்தில் கேளுங்கள், கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் அனுப்பினால் ஏற்காதீர்கள்.

ரசீதுராஜா

வங்கிக் கணக்கு என்றால் கதை வேறு. அடுத்த தவணைத் தேதிக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பாக, இந்தப் பற்றை நிறுத்துங்கள் என்று வங்கிக்கு உத்தரவு கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கார்டில்தான் கட்ட வேண்டும் என்று இங்கே எத்தனை முறை எழுதியிருப்பேன்!

தென்றல்வீடு

அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் உடனே சேருங்கள், அண்ணா. ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி அங்கே மறுக்க முடியாது. எங்கள் வீட்டில் மூன்று வருடமாக அதுதான்.

அனுபவஸ்தன்

மார்க்கெட்பிளேஸ் காப்பீடு சேர்ந்த அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் தொடங்கும். செப்டம்பரில் நடந்த அறுவை சிகிச்சைக்கு நவம்பர் காப்பீடு எப்படிப் பணம் தரும்? வீடு எரிந்த பிறகு கூரைக்கு ஓலை வாங்கச் சொல்கிறீர்கள்.

தென்றல்வீடு

நான் இனிமேலுக்குத்தான் சொன்னேன். எல்லோரையும் முட்டாளாக்க வேண்டுமா?

பனங்காடு

38,400-ஐப் பார்த்து மிரளாதீர்கள், தம்பி. மருத்துவக் கடன் இப்போது கடன் அறிக்கையில் ஏறுவதே இல்லை, சட்டம் வந்துவிட்டது. கட்டாமல் இருங்கள், அவர்களே இறங்கி வருவார்கள்.

வைகைக்கரை

பனங்காடு, தவறான தகவல். நீங்கள் சொல்லும் விதி 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது உண்மை. அதே ஆண்டு ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த நீதிமன்றம் இருப்பதும் டெக்சாஸில்தான். கடன் அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு மட்டும் நிற்கிறது: 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடன் அறிக்கையில் வராது, மற்றவற்றுக்கு ஓராண்டு அவகாசம். இவருடைய தொகைக்கு முதலாவது பொருந்தாது.

பனங்காடு

நியூயார்க்கில் சட்டம் இருக்கிறதே. என் மைத்துனருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வைகைக்கரை

நியூயார்க்கில் இருக்கிறது, கொலராடோவிலும் இருக்கிறது. இவர் இருப்பது டெக்சாஸ். முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

பனங்காடு

ஓராண்டு அவகாசம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதைத்தானே நானும் சொன்னேன்?

அனுபவஸ்தன்

இல்லை, நீங்கள் "ஏறுவதே இல்லை" என்றீர்கள். எழுதியதை மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

நூல்கண்டு

கடன் அறிக்கைச் சண்டையைச் சற்று நிறுத்துங்கள். கரிசல்காட்டான், இரண்டாம் முறை கேட்கிறேன்: முந்தைய காப்பீடு எந்தத் தேதியில் முடிந்தது? பழைய வேலையில் எத்தனை பேர் இருந்தார்கள்? வேலை போன பிறகும் பழைய காப்பீட்டைத் தொடர வழிசெய்யும் கோப்ரா சட்டப்படி கடிதம் வந்ததா? நான் பதினோரு ஆண்டாக மனிதவளத் துறையில் இருக்கிறேன், காரணமில்லாமல் கேட்கவில்லை.

கரிசல்காட்டான் | அக்டோபர் 15, இரவு 9.05

பழைய வேலை ஆகஸ்ட் 8-இல் போனது. காப்பீடு ஆகஸ்ட் 31 வரை இருந்தது. இந்த அட்டையை செப்டம்பர் 4-இல் வாங்கினேன். அறுவை சிகிச்சை செப்டம்பர் 27. புதிய வேலை கிடைத்துவிட்டது, அங்கே காப்பீடு நவம்பர் 1-இல் தொடங்குகிறது. பழைய நிறுவனத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வேலை போனவருக்கு விசாவில் கிடைக்கும் அறுபது நாள் அவகாசத்துக்குள்தான் புதிய வேலை அமைந்தது. ஆக, அந்த அறுபது நாள் இனி இல்லையே?

கோப்ரா கடிதம் எதுவும் பார்த்ததாக நினைவில்லை. வீடு மாறினோம்.

நூல்கண்டு

விசாவின் அறுபது நாள் வேறு, கோப்ராவின் அறுபது நாள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள்.

இருபது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் என்றால், பழைய காப்பீட்டைத் தொடர உங்களுக்கு உரிமை உண்டு. முடிவெடுக்க அறுபது நாள். அதைக் காப்பீடு முடிந்த நாளிலிருந்தோ, அறிவிப்புக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்தோ எண்ணுவார்கள், எது பிந்தியதோ அது. நீங்கள் தேர்வுசெய்தால் அது பின்னோக்கிச் செல்லும், செப்டம்பர் 1 முதல் காப்பீடு இருந்ததாகவே கணக்கு. அதாவது செப்டம்பர் 27 உள்ளே வருகிறது.

புரிகிறதா? நீங்கள் தள்ளுபடி அட்டைக்காரரோடு மல்லுக்கட்டுகிறீர்கள். உங்கள் பில்லைக் கட்டக் கடமைப்பட்டவர் பழைய காப்பீட்டு நிறுவனம்தான்.

பழைய வீட்டுக்குப் போய்க் கடிதத்தைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் வெளியாளைக் கொண்டு அனுப்புகின்றன, உறையில் பழைய நிறுவனத்தின் பெயரே இருக்காது. விளம்பரம் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ரசீதுராஜா

கோப்ரா மிக விலை அதிகம், அக்கா. மாதம் இரண்டாயிரம் போகும்.

நூல்கண்டு

நிறுவனம் கட்டிய பங்கும் சேர்த்து முழுத் தொகையும், மேலே இரண்டு சதவீதமும். ஆமாம், அதிகம்தான். ஆனால் இவருக்கு இரண்டே மாதம் போதும். தேர்வுசெய்த நாளிலிருந்து முதல் பணம் கட்ட 45 நாள் அவகாசமும் உண்டு. 38,400-க்கு எதிரே வைத்துப் பாருங்கள். தவிர, அதே ஆண்டு, அதே திட்டம் என்பதால் ஜனவரியிலிருந்து நீங்கள் கட்டிய கழிவுத்தொகைக் கணக்கும் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாமே கட்டும் பங்கு) தொடரும்.

அனுபவஸ்தன்

நான் இதைச் சொல்லவிருந்தேன். அவர் தேதியைச் சொல்லவில்லை.

வைகைக்கரை

இன்னொன்று. மருத்துவமனை பில்லுக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தவணைத் திட்டத்துக்கும் வேண்டாம். ஒவ்வொரு இனமாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள். கோப்ரா கைகூடாமல் போனால், அது லாப நோக்கற்ற மருத்துவமனையா என்று பாருங்கள். அப்படியானால் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும், முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். காப்பீடு இல்லாதவருக்கு அவர்களே தரும் தள்ளுபடி, பல நேரம் இந்த அட்டைத் தள்ளுபடியைவிடப் பெரியது.

தென்றல்வீடு

அட்டை செல்லாது என்றால் மருத்துவமனை ஏன் அன்று வாங்கிக்கொண்டது?

வைகைக்கரை

நகல் எடுத்தது ஏற்பு ஆகாது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, ஆபத்தைத் தாண்ட வைக்க வேண்டும் என்று 1986-லிருந்து கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அட்டை இல்லாமல் போயிருந்தாலும் பார்த்திருப்பார்கள்.

கரிசல்காட்டான் | அக்டோபர் 18

கிடைத்தது. பழைய குடியிருப்பில் இப்போது இருக்கும் குடும்பம் எங்கள் தபால்களை ரப்பர் வளையம் போட்டு அலமாரியில் வைத்திருந்தது. பீட்சா கூப்பனுக்கும் பல் மருத்துவர் அட்டைக்கும் நடுவில் ஒரு வெள்ளை உறை. நூல்கண்டு அக்கா சொன்னது போலவே கேள்விப்படாத பெயர். அனுப்பிய நாள் செப்டம்பர் 12. மாதம் 1,940.

நூல்கண்டு

அப்படியானால் நவம்பர் 11 வரை நேரம் இருக்கிறது. அதுவரை காத்திருக்காதீர்கள். படிவத்தை நிரப்பி, ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்புங்கள், இணையத்திலும் தேர்வுசெய்ய வழியிருந்தால் அதையும் செய்து திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிடம், கோப்ரா தேர்வு நிலுவையில் இருக்கிறது, பில்லை நிறுத்திவையுங்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். முதல் முறை பழைய காப்பீடு "உறுப்பினர் இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடும். பணம் பதிவானதும் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

பனங்காடு

கட்டியே தீர வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள், தம்பி. ஓராண்டு அவகாசம் இருக்கிறது.

வைகைக்கரை

பனங்காடு!

ரசீதுராஜா | நவம்பர் 20

என்ன ஆயிற்று? அந்த 289 டாலர் திரும்பி வந்ததா?

கரிசல்காட்டான் | டிசம்பர் 9

தாமதத்துக்கு மன்னிக்கவும், புதிய வேலையில் நேரமே இல்லை. இரண்டு மாதத்துக்கு 3,880 கட்டினேன். மருத்துவமனை பில்லை இரண்டாம் முறை அனுப்பியது, பழைய காப்பீடு ஏற்றுக்கொண்டது. எங்கள் பங்கு 2,150. அட்டை நிறுவனத்தின் பற்றை வங்கி நிறுத்திவிட்டது, பழைய தவணைகள் வரவில்லை. இரண்டு இடத்திலும் புகார் எண் இருக்கிறது. இப்போதும் அழைத்தால் அதே பாட்டுதான் ஓடுகிறது. நூல்கண்டு அக்காவுக்கு நன்றி.